கைக்கணினி வாங்குவோர் கவனத்திற்கு

டேப்லெட் என்னும் கைக்கணினியை வரப்பின்மீது நின்று உபயோகிக்கக் கருதும் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும், விலையை விசாரிக்குமுன், இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி அதிலுண்டா என்று விசாரித்தல் அவசியம். ஐபேடில் வைஃபை மட்டுமுள்ள ரகத்திற்கு அது கிடையாது. சிம் இணைப்புள்ள ரகத்திற்கே உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வயலின் எல்லையைக் குறிக்க முற்படும்போதுதான் வித்தியாசம் புலப்படும். ஆண்ட்ராய்டில் வைஃபை ரகங்கள் பலவற்றிலும் இக்கருவி அமைந்துள்ளது. எனினும் எல்லாவற்றிலும் அன்று.

மலிவான ஆண்ட்ராய்டுக்குப் புதுப்பிப்புகள் சீக்கிரம் நின்றுவிடுவதுண்டு. எத்தனை வருஷம் கிடைக்குமெனக் கேட்டறிக. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தமையால், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கருவிகளை வாங்குதல் தகாது. மழையிலும் புழுதியிலும் எடுத்துச் செல்வோர் ஐ.பி.68 என்னும் குறியீடு உடையதையே தேடுவது நலம்.