லைவ் 8 நிகழ்ச்சியில் பிங்க் ஃபிளாய்ட்

பிங்க் ஃபிளாய்ட் என்னும் இங்கிலாந்து ராக் இசைக்குழு, 2005 ஜூலை 2 அன்று இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற லைவ் 8 இசை நிகழ்ச்சியில் மீண்டும் ஒன்றிணைந்து இசைத்தது. ராஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மர், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய நால்வரும் 1981 ஜூன் மாதத்திற்குப் பின்னர் ஒரே மேடையில் தோன்றியது இதுவே முதல் முறையாகும். இதுவே இறுதி முறையாகவும் அமைந்தது.

பின்னணி

1965 இல் தொடங்கப்பட்ட இக்குழுவின் முதன்மைப் பாடகராக விளங்கிய சிட் பாரெட், உளநலக் குறைவு காரணமாக 1968 இல் விலகினார். அவ்வாண்டே இணைந்திருந்த கில்மர் அவரது இடத்தை நிரப்பினார். 1979 இல் வெளிவந்த 'த வோல்' இசைத்தொகுப்பு உருவானபோது எழுந்த முரண்பாடுகளால் ரைட் உறுப்பினர் நிலையை இழந்தார். அதன் மேடை நிகழ்ச்சிகளில் ஊதியம் பெறும் கலைஞராகவே பங்குபற்றினார். 1985 இல் வாட்டர்சும் வெளியேறினார். குழுவின் பெயரை மற்றவர்கள் பயன்படுத்துவதை எதிர்த்து அவர் நீதிமன்றத்தை நாடினார். 1987 இல் உடன்பாடு ஏற்பட்டபோதிலும் வாட்டர்ஸ், கில்மர் இடையிலான பகை நீடித்தது.

மறு இணைவு

லைவ் 8 நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவரான பாப் கெல்டாஃப், 'த வோல்' இசைத்தொகுப்பைத் தழுவிய 1982 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் நாயகன் ஆவார். அவர் முதலில் கில்மரை அணுகியபோது கில்மர் மறுத்துவிட்டார். செய்தி மேசன் வழியாக வாட்டர்சைச் சென்றடைந்தது. வாட்டர்ஸ் தாமே கில்மரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பின்னரே கில்மர் இசைந்தார்.

1985 இல் நடந்த லைவ் எய்டைப் போன்று நிதி திரட்டுவது லைவ் 8 இன் நோக்கமன்று. அதே வாரம் ஸ்கொட்லாந்தில் கூடவிருந்த ஜி8 நாடுகளின் தலைவர்கள், ஏழை நாடுகளின் கடனை நீக்கி உதவியை உயர்த்த வேண்டும் என வலியுறுத்துவதே அதன் நோக்கமாகும்.

நிகழ்ச்சி

'ஸ்பீக் டு மீ', 'ப்ரீத்', 'மணி', 'விஷ் யூ வேர் ஹியர்', 'கம்ஃபர்டப்ளி நம்ப்' ஆகியன இசைக்கப்பட்டன. 'மணி' பாடலின் மூல ஒலிப்பதிவில் சாக்சபோன் வாசித்த டிக் பாரி மேடையிலும் அதனை வாசித்தார். மூன்றாவதாகக் குறிப்பிட்ட பாடலை அடுத்து வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' பாடலை, அங்கு வர இயலாதவர்களுக்கும், சிறப்பாக சிட் பாரெட்டுக்கும் வாட்டர்ஸ் உரித்தாக்கினார். நிறைவில் நால்வரும் தோள்மேல் கைபோட்டு நின்று மக்களை வணங்கினர்.

பின்விளைவுகள்

நிகழ்ச்சிக்குப் பின் குழுவின் பழைய இசைத்தொகுப்புகளின் விற்பனை வெகுவாக உயர்ந்தது. இதனால் தமக்குக் கிடைக்கும் வருவாயை அறப்பணிக்கு வழங்குவதாகக் கில்மர் அறிவித்தார். பெரும் தொகை தருவதாகக் கூறப்பட்டும் குழு மீண்டும் இசைப் பயணம் மேற்கொள்ளவில்லை. பாரெட் 2006 ஜூலையிலும், ரைட் 2008 செப்டம்பரிலும் காலமாயினர். எஞ்சிய மூவரும் 2011 மே 12 அன்று இலண்டனில் நடந்த வாட்டர்சின் நிகழ்ச்சியொன்றில் ஒரே மேடையில் தோன்றினர்.