பொதுப்பணமும் புரவலர் மரபும்: பன்முகப்படுத்தப்பட்ட நிதி பற்றிய ஒரு நோக்கு

கொம்பனித்தெரு, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய கொழும்புப் பகுதிகளில் ஒழுங்கைகளின் முகப்பிலும் சனசமூக நிலையங்களின் சுவரிலும் காணப்படும் பெயர்ப்பலகைகளின் மொழிநடை ஆராய்ச்சிக்குரியது. கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் இன்னார் அவர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியொதுக்கீட்டின் மூலம் இவ்வீதி கொங்கிறீற் இடப்பட்டது என்பதே அவற்றின் பொது வாய்பாடு. இங்கு ஆறாம் வேற்றுமை செய்யும் வேலை சாமானியமானதன்று. இலக்கணகாரர் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என வகுப்பர். குறித்த பணம் உறுப்பினருக்குத் தற்கிழமையாகவும் உரியதன்று. பிறிதின் கிழமையாகவும் உரியதன்று. அது திறைசேரிக்கு உரியது. அங்கு அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவ்வொழுங்கையில் வாழ்வோர் உட்பட்ட மக்கள். இலங்கை அரசின் வரி வருமானத்தின் பெரும்பங்கு மறைமுக வரிகளினின்று வருவது. 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்ட பெறுமதிசேர் வரி, கடையிற் பொருள் வாங்கும் துறைமுகத் தொழிலாளியிடமும் கப்பற் கம்பனி முகாமையாளரிடமும் ஒரே வீதத்தில் அறவிடப்படுகின்றது. ஆயினும் பலகையில் வரி செலுத்தியவன் இல்லை. ஈந்தவர் ஒருவரும் பெற்றவர் பலருமே உள்ளனர்.

பாராளுமன்ற உறுப்பினரின் விருப்புக்குரிய வேலைகளுக்கென ஒதுக்கப்படும் நிதியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஊழல், விரயம் என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகின்றனர். விரயம் உண்மையே. ஆயின் அது விளைவேயன்றி மூலமன்று என்பது எமது கருத்து. குடிமகனின் உரிமையைத் தனியொருவரின் கொடையாக மாற்றும் வடிவத்திலேயே விரயம் அடங்கியுள்ளது. எனவே கணக்காய்வை இறுக்குவதால் மட்டும் இதனைச் சீர்திருத்திவிட முடியாது. இக்கூற்றை வரலாற்றுரீதியாகவும் இன்றைய நடைமுறையை நோக்கியும் நிறுவ முற்படுகின்றோம்.

இந்நாட்டில் இம்முறை ஒரு முற்போக்கு நோக்கத்தின் பேரிலேயே தோன்றியது. சிறீமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1973இல் மாவட்ட அரசியல் அதிகாரி என்ற பதவியை உருவாக்கியது. மறு ஆண்டு பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தை அறிமுகஞ்செய்தது. உணவு நெருக்கடி உச்சத்திலிருந்த காலம் அது. கொழும்பிலுள்ள திணைக்களங்கள் சிறு குளமொன்றின் கட்டினைத் திருத்தவும் மாதக்கணக்கிற் கோப்புகளை நகர்த்திக் கொண்டிருந்தன. குடியேற்றவாதம் விட்டுச்சென்ற கச்சேரி நிருவாகத்தை மக்கள் பிரதிநிதியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதே இடதுசாரிகள் அன்று கூறிய நியாயம். நிதியமைச்சராக இருந்தவர் மார்க்சியவாதியான என். எம். பெரேரா என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. எனினும் அதிகாரியிடமிருந்து எடுக்கப்பட்ட அதிகாரம் மக்களிடம் வந்து சேரவில்லை. அது ஆளுங்கட்சி அரசியல்வாதியின் கையிற் தங்கிவிட்டது. 1977இன் பின்னர் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், சந்தையைத் திறந்துவிட்ட அதே கையால் இம்முறையைப் பேணிக்கொண்டது மட்டுமன்றி, தொகுதியொன்றுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபா என உறுப்பினரையே மையமாக வைத்து வகுத்தது. பொருளாதாரக் கொள்கையில் எதிரெதிரான இரு அரசாங்கங்களும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டமை தற்செயலானதன்று. இரண்டுக்கும் வாக்காளனைத் தங்கியிருப்பவனாக வைத்திருத்தல் பயன்தருவதாயிற்று.

1989இல் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் நடைமுறைக்கு வந்த விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் விருப்பு வாக்கும் நிலைமையை மேலும் கூர்மையாக்கின. முன்னர் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். வேலை நடைபெறாவிடில் எவரைக் கேட்பது என்பதாவது தெரிந்திருந்தது. இப்போதோ உறுப்பினரின் களம் முழு மாவட்டமும் ஆயிற்று. வாக்காளன் மூன்று விருப்பு வாக்குகளை அளிக்கலாம் என்பதால் வேட்பாளரின் முதற் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரரல்லர், தமது கட்சிப் பட்டியலில் அடுத்த இலக்கத்தில் இருப்பவரே. ஒரே கொள்கையைக் கூறும் இருவரிடையே வேறுபாட்டைக் காட்டுவது எது? பெயர்ப்பலகை. பரந்த மாவட்டத்தில் பல இடங்களில் தமது பெயர் தெரியவேண்டுமாயின், கிடைத்த நிதியைச் சிறு சிறு துண்டுகளாகத் தூவவேண்டும். இங்கு பத்து மீற்றர் கொங்கிறீற், அங்கு ஐம்பது கதிரைகள், வேறோரிடத்தில் ஒலிபெருக்கி. தனியாக நோக்கின் எதுவும் குற்றமன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாற் திட்டமென்று சொல்ல ஒன்றுமில்லை.

கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்றே இது வழங்கியது. பேர வாவியின் ஓரமாகத் தாழ்நிலத்தில் அமைந்த இப்பகுதியில் மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எனப் பல்லின உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்துவந்துள்ளனர். இத்தகைய குடியிருப்புகளையே கொழும்பு வழக்கிற் 'தோட்டம்' என்பர். தேயிலைத் தோட்டத்துக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமன்றி வரலாற்றளவிலும் உறவுண்டு. தேயிலையைக் கப்பலேற்றிய துறைமுகமும் அதனைச் சார்ந்த பண்டகசாலைகளுமே இத்தோட்டங்களை நிரப்பின.

மழை பெய்தால் ஒழுங்கையில் நீர் நிற்பது இங்குள்ளோர் நன்கறிந்த விடயம். அதற்குக் காரணம் ஒழுங்கை கொங்கிறீற் இடப்படாமையன்று. நகரின் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்டது. இன்று அதன்மீது அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. இதனைத் திருத்துவதற்கு மாநகரசபையும் மத்திய அரசும் பல ஆண்டுகளுக்குச் சேர்ந்து திட்டமிட்டுச் செலவிடவேண்டும். ஓராண்டுக்குள் முடித்து ஒளிப்படமெடுக்கவேண்டிய நிதியில் இத்தகைய வேலைக்கு இடமில்லை. ஆகவே பழைய கொங்கிறீற்றின் மேல் புதிய கொங்கிறீற் இடப்படுகின்றது. ஒழுங்கையின் மட்டம் உயர, இருமருங்கும் உள்ள வீடுகளின் தளம் பள்ளமாகின்றது. முன்னர் ஒழுங்கையில் நின்ற நீர் இப்போது வீட்டுக்குள் வருகின்றது. வேலை நடைபெற்றது, கணக்கும் சரி. கணக்காய்வாளர் குறை காண எதுவுமில்லை. விரயம் என்பதை நாம் இந்த அர்த்தத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆண்டிறுதி பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஒதுக்கீடு டிசம்பர் 31உடன் காலாவதியாகும். முன்மொழிவு உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் சென்று, மதிப்பீடு தயாரித்து, அங்கீகாரம் பெற்று வருவதற்குள் ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். எஞ்சுவது ஒக்டோபர், நவம்பர் மாதங்கள். கொழும்பில் அவை மழை மாதங்கள். மழையிற் கொங்கிறீற் இடுவதன் பயன் எதுவென அறியப் பொறியியற் பட்டம் தேவையில்லை.

இவற்றினும் பாரதூரமானது பிறிதொன்று. 2010 மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்ட ஆண்டு அது. பின்னர் இப்பகுதியின் நிலம் அடுக்குமாடிகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் உரிய பண்டமாயிற்று. நிலத்தின் விலை உயர்ந்தபோது அதில் வாழ்ந்தோரின் இருப்புக் கேள்விக்குள்ளானது. ஒழுங்கைக்குக் கொங்கிறீற் இட நிதியுண்டு. ஒழுங்கையில் இருப்போரின் குடியிருப்புரிமை பற்றி அந்நிதி எதுவும் பேசாது. சிறு உதவியைப் பெற்றவன் பெருங்கேள்வியைக் கேட்கத் தயங்குவான் என்பதே புரவலர் உறவின் உள்ளியல்பு.

இவ்வுறவு தமிழ் இலக்கிய மாணவருக்குப் புதிதன்று. மெய்க்கீர்த்திகளும் தானக் கல்வெட்டுகளும் உழவரின் உபரியை அரசனின் ஈகையாகவே உரைத்தன. இறையிலியாக வழங்கப்பட்ட நிலத்திற் பாடுபட்டவனின் பெயரை அவற்றிற் தேடுதல் வீண். ஆயினும் ஒப்புநோக்கிற் சோழர்காலக் கல்வெட்டெழுதியவனுக்கு நாம் நியாயஞ் செய்யவேண்டும். அவன் நிலத்தின் நான்கு எல்லைகளையும், அளக்கவேண்டிய நெல்லையும், விளக்குக்குரிய நெய்யையும் பொறித்துவைத்தான். இன்றைய பலகைகள் பலவற்றிற் செலவுத் தொகையோ, ஒப்பந்தகாரர் பெயரோ, வேலையின் அளவோ கிடையாது.

2018இல் அன்றைய அரசாங்கம் தொடங்கிய 'கம்பெரலிய' திட்டத்தின் பெயர் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1944இல் வெளிவந்த மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலின் பெயர் அது, எம். எம். உவைஸ் அதனைக் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாக்கினார். தென்னிலங்கைக் கிராமமொன்றில் நிலமானிய வளவின் வீழ்ச்சியையும் வணிக வர்க்கத்தின் எழுச்சியையும் சித்திரித்த நாவலின் பெயரை, வளவுக்காரன் இருந்த இடத்தில் உறுப்பினரை இருத்தும் திட்டமொன்றுக்குச் சூட்டியவர்கள் நாவலைப் படித்திருந்தனரா என ஐயுற வேண்டியுள்ளது. 160 தேர்தற் தொகுதிகளை அலகாகக் கொண்ட இத்திட்டத்துக்கு 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 4,800 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் அந்நிதியைப் பெற்றமை வடக்கிற் கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. அரசியற் தீர்வுக்கெனப் பெற்ற ஆணை வீதி விளக்குகளாக உருமாறியதோ என்பதே அவ்விவாதத்தின் சாரம். ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. 2021 நவம்பர் 12ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், கிராம அலுவலர் பிரிவொன்றுக்கு முப்பது இலட்சம் ரூபா வீதம் நாடெங்கும் வழங்க முன்மொழிந்தது. சரியாக ஐந்து மாதங்களின் பின், 2022 ஏப்பிரல் 12இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. கடனுக்குக் காரணம் இச்சிறு வேலைகளே என நாம் கூறவில்லை. அதற்குத் துறைமுகங்களும் விமான நிலையங்களும் வரிச்சலுகைகளும் உள. திறைசேரி வெறுமையாகும் தறுவாயிலும் கைவிடப்படாத வழக்கம் எது என்பதையே சுட்டுகின்றோம்.

பிற நாடுகளின் அனுபவம் பயனுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய செலவைப் பன்றியிறைச்சிப் பீப்பா என்பர். தோட்ட முதலாளி உப்பிட்ட இறைச்சிப் பீப்பாவைத் திறந்துவைக்க அடிமைகள் முண்டியடித்து அள்ளிய காட்சியோடு செஸ்ரர் மக்சி என்பவர் 1919இல் இச்சொல்லைத் தொடர்புபடுத்தினார். இந்தியாவில் 1993 டிசம்பரில் நரசிம்மராவ் அரசாங்கம் அறிமுகப்படுத்திய பாராளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு ஐந்து இலட்சத்திற் தொடங்கி ஐந்து கோடி வரை வளர்ந்தது. 2005இன் இறுதியில் உறுப்பினர் சிலர் இவ்வேலைகளுக்குத் தரகு பேசியமை மறைவான ஒளிப்பதிவிற் பிடிபட்டது. 2007இல் இரண்டாவது நிருவாகச் சீர்திருத்த ஆணைக்குழு இதனை ஒழிக்குமாறு விதந்துரைத்தது. 2010இல் உச்ச நீதிமன்றமோ இது அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்த்தது. பிலிப்பைன்சின் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பர் 19இல் இதற்கு நேரெதிரான முடிவுக்கு வந்தது. போலி நிறுவனங்களுக்கு நிதி சென்றமை அம்பலமாகி மக்கள் வீதிக்கிறங்கிய பின்னணியில், சட்டம் நிறைவேறிய பின் செலவைத் தீர்மானிப்பதிற் சட்டமியற்றுவோருக்கு இடமில்லை என அது கூறியது. எனினும் 2025இல் அதே நாட்டில், கட்டப்படாத வெள்ளத் தடுப்பு அணைகளுக்குப் பணம் செலுத்தப்பட்டமை வெளியாயிற்று. பின்கதவு மூடப்பட்டதும் சட்டம் நிறைவேறுமுன்னரே வரவு செலவுத் திட்டத்துக்குள் விருப்ப வேலைகளைச் செருகும் வழி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பெயரை ஒழித்தால் உறவு ஒழியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிதியை ஆதரித்துக் கூறப்படும் வாதங்களில் ஒன்றை மட்டும் நாம் பாரதூரமாக எடுத்துக்கொள்கின்றோம். எதிர்க்கட்சியிலும் சிறுபான்மைச் சமூகங்களிலும் இருந்து வரும் உறுப்பினருக்குத் தமது மக்களுக்கு எதையேனும் செய்ய இதைவிட வேறு வழியில்லை என்பதே அவ்வாதம். பேரினவாத நிருவாகம் புறக்கணித்த பாடசாலைக்குக் கூரை போட்டது இந்நிதியே எனக் கூறுவோருண்டு, அது பொய்யுமன்று. ஆயின் அவ்வாதம் நிரூபிப்பது யாது? அப்பாடசாலையின் கூரை கல்வி அமைச்சின் கடமையாக இருந்தும் நிறைவேற்றப்படவில்லை என்பதையே. புறக்கணிப்புக்கு எதிரான குரல் கூரைத்தகட்டோடு அமைதியடைந்துவிடுவது புறக்கணிப்பவருக்கு மிக மலிவான ஏற்பாடு. எனவே அதிகாரப் பகிர்வுக்கான கோரிக்கையையும் இந்நிதி பற்றிய விமர்சனத்தையும் பிரித்து நோக்குதல் இயலாது.

சீர்திருத்தத்தின் திசை இதிலிருந்து தெளிவாகின்றது. வேலையைத் தெரிவுசெய்யும் அதிகாரம் உறுப்பினரிடமிருந்து நீங்கி, அவ்வேலைக்குச் சட்டப்படி பொறுப்பான உள்ளூராட்சி மன்றத்துக்கும் அங்குள்ள மக்கள் கூட்டத்துக்கும் செல்லவேண்டும். உறுப்பினரின் வேலை சட்டமியற்றலும், அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுமாறு பொதுநிதியைப் பாராளுமன்றத்தின் வாயிலாகக் கட்டுப்படுத்தலுமே. செலவு செய்பவரே செலவைக் கண்காணிப்பவராகவும் இருத்தல் பொருந்தாது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளூர் மன்றங்களுக்கு ஒதுக்கி, கிராம சபைகளில் முன்னுரிமைகளை விவாதிக்கச் செய்தது. குறைகள் அங்கும் இருந்தன. ஆயினும் வடிகாலா விளையாட்டு மைதானமா முதலில் என்பதை அங்குள்ளோர் கூடிப் பேசவேண்டியிருந்தது. இங்கோ 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த கொழும்பு மாநகரசபை, 2023 மார்ச் முதல் 2025 மே வரை மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி ஆணையாளரால் நடத்தப்பட்டது. தேர்தலுக்குப் பணமில்லை என்பதே கூறப்பட்ட காரணம். அது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிற் தீர்ப்பளித்தது.

இம்மாற்றம் உடனே வந்துவிடாது. அதுவரை பயன்படுத்தக்கூடிய கருவியொன்று கைவசமுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களை, அவை தொடங்குவதற்கு மூன்று மாதங்களின் முன் மக்களுக்கு அறிவிக்குமாறு அமைச்சரைக் கட்டாயப்படுத்துகின்றது. ஒழுங்கை வேலைகள் பல இத்தொகைக்குக் கீழே நிற்பவை. எனவே அவ்வெல்லையைக் குறைக்குமாறு கோருவது உடனடித் தேவை. ஆயினும் தனியொருவர் கேட்டுப் பெறும் உரிமைக்கு அவ்வெல்லை தடையன்று. கொம்பனித்தெருவுக்குரிய பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம், குறித்த ஆண்டில் எந்த உறுப்பினரின் முன்மொழிவில் எவ்வேலை, எத்தொகைக்கு, எவருக்கு ஒப்பந்தமாக வழங்கப்பட்டது என எழுத்திற் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கின்றோம் எனக் காரணங்கூற வேண்டியதில்லை. வழங்குவதா மறுப்பதா என்ற முடிவை அலுவலர் பதினான்கு வேலை நாட்களுள் அறிவித்தல் வேண்டும்.