தறியும் தற்சுழற்சியும்

வலைச் செயலியின் உள்ளே – 9

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்தில் உள்ள சோமனூரும் அதைச் சுற்றிய ஊர்களும் பல பத்தாண்டுகளாக விசைத்தறியை நம்பி வாழ்பவை. இங்குள்ள தறிக்காரர்களில் பெரும்பாலோர் சொந்தமாக நூல் வாங்கித் துணி விற்பவர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவு பீமையும் ஊடை நூலையும் பெற்றுக் கூலிக்கு நெய்து, காடா துணியாகத் திருப்பித் தருபவர்கள். எத்தனை கிலோ நூல் போனது, எத்தனை மீட்டர் துணி வந்தது, கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற கேள்விகளைச் சுற்றியே இத்தொழிலின் கணக்குப் புத்தகம் எழுதப்படுகிறது. அந்தப் புத்தகத்தை உலாவியில் திறக்கும் வலைச் செயலியாக மாற்ற முனையும் நிரலருக்கு இரண்டு உத்திகள் தவிர்க்க முடியாதவையாக அமைகின்றன. ஒரு செயற்கூறு தன்னைத் தானே அழைத்துக்கொள்வது ஒன்று. ஒரு செயற்கூறை இன்னொரு செயற்கூறின் கையில் உள்ளீடாகக் கொடுப்பது மற்றொன்று.

செயற்கூறு என்பது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் கட்டளைகளின் பெயரிடப்பட்ட தொகுதி. அது எதை எதிர்பார்த்து நிற்கிறதோ அது அளபுரு. அழைக்கும்போது உண்மையில் அதற்குக் கொடுக்கப்படுவது செயலுருபு. தன் வரையறைக்குள்ளேயே தன்னை அழைக்கும் செயற்கூறின் போக்கு தற்சுழற்சி எனப்படும். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல்கள் இச்சொற்களையே ஆளுகின்றன என்பதால் இத்தொடரும் அவற்றையே பின்பற்றுகிறது.

தற்சுழற்சி எங்கே தேவைப்படுகிறது என்பதைக் காடா துணியே காட்டிவிடும். துணி பாவாலும் ஊடையாலும் ஆனது. பாவு பீமுக்குப் பின்னால் சைசிங் இருக்கிறது, அதாவது இழை அறுபடாமலிருக்கக் கஞ்சி ஏற்றும் வேலை. சைசிங்குக்குப் பின்னால் வார்ப்பிங் எனப்படும் பாவு ஓட்டுதல். அதற்கும் பின்னால் கோன்களில் வந்த நூல். ஊடைப் பக்கத்தில் நாடாத் தறியாக இருந்தால் தார் சுற்றும் வேலை ஒன்று இடையில் வரும், நாடா இல்லாத தறியாக இருந்தால் கோனிலிருந்தே நூல் நேரே ஓடும். கோடு போட்ட ரகமென்றால் பாவே இரண்டு மூன்று நூல்களாகப் பிரியும், அவற்றுள் சாயமிட்ட நூலுக்குச் சாயப்பட்டறை என்ற இன்னொரு கட்டம் சேரும். ஒரு ரகம் மூன்று படிகளில் முடிகிறது, இன்னொன்று ஆறு படிகள் இறங்குகிறது, நாளை வரப்போகும் ஆர்டர் எத்தனை படி இறங்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. மேலிருந்து கீழாகக் கிளை பிரியும் இத்தகைய அமைப்பைக் கணினியியல் மரவுரு என்று குறிக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மடக்குகளை எழுதி மூன்று படிகளை எண்ணிவிடும் நிரல், நான்காவது படியுள்ள முதல் ரகத்திலேயே தவறான தொகையைக் காட்டும். அதுவும் பிழைச்செய்தி எதுவும் தராமல் காட்டும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

தற்சுழற்சியோ படிகளின் எண்ணிக்கையை முன்கூட்டிக் கேட்பதே இல்லை. ஒரு பொருளின் மொத்தம் என்பது அதன் சொந்தக் கணக்கும் அதன் உட்பொருள்கள் ஒவ்வொன்றின் மொத்தமும் சேர்ந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்றால், அதே வாக்கியத்தை நிரலாகவும் எழுதிவிடலாம். எந்தக் கணினி மொழியையும் சாராமல் தமிழிலேயே எழுதினால் அது இவ்வாறு அமையும்:

செயற்கூறு கூட்டு(பொருள், கணக்கு)
  மொத்தம் = கணக்கு(பொருள்)
  பொருளின் உட்பொருள் ஒவ்வொன்றுக்கும்
    மொத்தம் = மொத்தம் + கூட்டு(உட்பொருள், கணக்கு)
  மொத்தத்தைத் திருப்பிக் கொடு

நான்காவது வரியில் 'கூட்டு' தன்னையே அழைக்கிறது. நூல் என்ற கடைசிப் படியை எட்டும்போது அதற்கு உட்பொருள் ஏதும் இல்லாமையால் மடக்கு ஒருமுறைகூட ஓடாது, அழைப்பும் எழாது, விடைகள் ஒவ்வொன்றாக மேலே திரும்பத் தொடங்கும். தற்சுழற்சியை நிறுத்தும் இந்த இடம் அடிப்படை நிலை எனப்படும். அது இல்லாத தற்சுழற்சிக்கு முடிவே கிடையாது.

இரண்டாவது உத்தி அதே ஐந்து வரிகளில்தான் ஒளிந்திருக்கிறது. 'கணக்கு' என்ற அளபுரு ஓர் எண்ணோ பெயரோ அன்று, அதுவே ஒரு செயற்கூறு. உற்பத்தியாளர் தறிக்காரரிடம் நூலை மட்டும் கொடுக்காமல் அதை எப்படி நெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே ஒப்படைப்பதுபோல, 'கூட்டு'க்குப் பொருளும் கொடுக்கப்படுகிறது, அப்பொருளிடம் என்ன செய்ய வேண்டும் என்பதும் கொடுக்கப்படுகிறது. மரவுருவின் கிளைகளில் இறங்கி ஏறும் வேலை ஓரிடத்திலும், ஒவ்வொரு கிளையிலும் எதைக் கணக்கிடுவது என்ற முடிவு வேறோர் இடத்திலும் இருக்க, இரண்டும் அழைக்கும் நேரத்தில்தான் சந்திக்கின்றன.

ஒரு லாட்டை எடுத்துக்கொண்டு இதைச் சரிபார்க்கலாம். பாவும் ஊடையும் 40-ஆம் நம்பர் நூல், அகலம் 50 அங்குலம், அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 52 பிக் (ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடுவது ஒரு பிக்), நீளம் 100 மீட்டர் என்று கொள்வோம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பதே நூலின் நம்பர். அதன்படி 40-ஆம் நம்பர் நூல் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 14.76 கிராம் எடை இருக்கும். பாவில் மொத்தம் 3,000 இழை என்பதால் 100 மீட்டர் துணிக்கு 3 லட்சம் மீட்டர் நூல், எடை சுமார் 4.43 கிலோ. ஊடையில் மீட்டருக்கு ஏறத்தாழ 2,047 பிக், ஒவ்வொரு பிக்கும் 1.27 மீட்டர் நீளம், ஆகவே 100 மீட்டருக்குச் சுமார் 2.6 லட்சம் மீட்டர், எடை 3.84 கிலோ. நெசவில் இழை வளைந்து ஓடுவதால் கூடுதலாகத் தேவைப்படும் நூலையும் கழிவையும் இப்போதைக்கு விட்டுவிட்டால், இந்த லாட்டுக்கு 8.27 கிலோ நூல் வேண்டும். இதைச் சொல்லும் 'எடைக்கணக்கு' நூல் என்ற படியில் மட்டும் எடையைத் திருப்பிக் கொடுத்து, மற்றப் படிகளில் சுழியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துணிக்கும் எடை உண்டு, பீமுக்கும் எடை உண்டு என்று எல்லாப் படிகளிலும் எடையைக் கொடுத்துவிட்டால் ஒரே நூல் மூன்று முறை எண்ணப்படும்.

நூல் எடைக்குப் பதிலாகக் கூலி வேண்டுமென்றால் 'கூட்டு'வில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 'கூலிக்கணக்கு' என்ற வேறொரு செயற்கூறை அனுப்பினால் போதும். அது நெசவுப் படியில் பிக் எண்ணிக்கையையும் பிக்குக்கு இத்தனை பைசா என்ற விகிதத்தையும் மீட்டரையும் பெருக்கும், சைசிங்கிலும் வார்ப்பிங்கிலும் அவற்றுக்குரிய கூலியைச் சேர்க்கும்.

இந்தப் பிரிவினை சோமனூருக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை இப்பகுதியின் கூலி வரலாறே சொல்கிறது. துணியின் உள்ளமைப்பு அடிக்கடி மாறுவதில்லை. கூலியோ ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாறுகிறது, ரகத்துக்கு ரகமும் மாறுகிறது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட உயர்வு சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடாகவும் பல்லடம் உள்ளிட்ட பிற ரகங்களுக்கு 20 விழுக்காடாகவும் இருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று கூறியே 2022 சனவரியில் தறிகள் நிறுத்தப்பட்டன. 2025-இல் ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்த விழுக்காடுகள் முறையே 15, 10 ஆயின. இவற்றை நிரலின் நடுவே எண்களாகப் புதைத்து வைத்தவர் ஒவ்வோர் ஒப்பந்தத்தின்போதும் நிரலைத் தோண்ட வேண்டியிருக்கும். பழைய லாட்டின் கூலியைப் புதிய விகிதத்தில் காட்டிவிடும் தவறும் அப்போதுதான் நேர்கிறது.

இதற்கு உதவுவது செயற்கூறைத் திருப்பிக் கொடுக்கும் செயற்கூறு. 'கூலிவிதி' என்ற ஒன்று உயர்வு விழுக்காட்டைப் பெற்றுக்கொண்டு, அந்த விழுக்காட்டைத் தன்னுள் நினைவில் வைத்திருக்கும் புதிய கூலிக்கணக்கு ஒன்றை உருவாக்கித் தருகிறது. பிக்குக்குப் பழைய கூலி 10 பைசா என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 52 பிக்குக்கு மீட்டர் ஒன்றுக்கு 5.20 ரூபாய், 100 மீட்டருக்கு 520 ரூபாய். கூலிவிதி(23) தரும் செயற்கூறை அனுப்பினால் அது 639.60 ரூபாய் ஆகும், கூலிவிதி(20) தருவதை அனுப்பினால் 624 ரூபாய் ஆகும். 100 மீட்டரில் 15.60 ரூபாய் வித்தியாசம் என்பது தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு மாதக் கணக்கில் சிறு தொகை அன்று. எந்தத் தேதியிலிருந்து எந்த விதி என்பதைத் தனியே பதிந்து வைத்து, லாட்டின் தேதிக்குரிய விதியை எடுத்து அனுப்பினால் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே செயலியில் முரணின்றி நிற்கும்.

இவ்விரு உத்திகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் மொழியை உலகுக்கு விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே தற்சுழற்சியும் உண்டு, ஒரு பட்டியலின் மீது செயல்பட வேண்டிய செயற்கூறைச் செயலுருபாகப் பெறும் செயற்கூறும் உண்டு. லிஸ்ப் வழியில் 1975-இல் ஸ்கீம் பிறந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரண்டன் ஐக், செயற்கூறை எண்ணைப் போலவே கையாளும் பண்பை ஸ்கீமிலிருந்து எடுத்துக்கொண்டார். இன்று உலாவியில் ஓடும் நிரல்களெல்லாம் அந்தத் தேர்வின் பலனை அனுபவிக்கின்றன.

வலைச் செயலியில் இப்பண்பு வெறும் வசதியாக மட்டும் இருப்பதில்லை, கட்டாயமாகவே ஆகிவிடுகிறது. சேவையகத்திடம் லாட்டின் விவரத்தைக் கேட்டால் விடை உடனே வராது. அது வரும்வரை திரை உறைந்து நிற்கக் கூடாது என்பதால், 'விடை வந்ததும் இதைச் செய்' என்று ஒரு செயற்கூறு முன்கூட்டியே ஒப்படைக்கப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியதும் அவ்வாறே ஒப்படைக்கப்படுவதுதான். இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. செயற்கூறின் பெயரை மட்டும் எழுதினால் அது ஒப்படைக்கப்படுகிறது. பெயருக்குப் பின் பிறையடைப்புகளையும் போட்டுவிட்டால் அது அந்த இடத்திலேயே ஓடி முடிந்து, அதன் விடைதான் ஒப்படைக்கப்படுகிறது. 'கூலியைச் சேமி' என்ற பொத்தான் யாரும் தொடாமலேயே பக்கம் திறந்தவுடன் வேலை செய்துவிட்டு, அழுத்தும்போது சும்மா இருக்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த அடைப்புகளைத்தான். ஆனால் 'கூலிவிதி(23)' என்பதில் அடைப்புகள் சரியே, ஏனெனில் அங்கே ஓடி முடிந்து கிடைக்கும் விடையே ஒரு செயற்கூறு.

தற்சுழற்சிக்கும் தனிக் கவனம் தேவை. முடிவடையாத ஒவ்வோர் அழைப்பையும் கணினி அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறது, அந்த அடுக்குக்கு எல்லை உண்டு. பைத்தான் மொழி இயல்பாக 1,000 என்ற ஆழத்தோடு நிறுத்திக்கொள்கிறது. துணியின் மரவுரு பத்துப் படியைக்கூட எட்டாது என்பதால் கவலையில்லை என்று தோன்றலாம். கொங்கு நாட்டு ஜவுளித் தொழிலோ அப்படி நினைக்க விடுவதில்லை. இப்பகுதியின் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்கள் கழிவுப் பஞ்சையும் பனியன் வெட்டுத் துணிக் கழிவையும் மீண்டும் நூலாக்குகின்றன. துணிக்குள் நூல், நூலுக்குள் கழிவு, கழிவுக்குள் துணி என்று ஒருவர் நேர்மையாகவே பதிந்துவிட்டால் மரவுரு வளையமாகிவிடும், அடிப்படை நிலை வரவே வராது, அடுக்கு நிரம்பிச் செயலி நின்றுவிடும். வந்த பாதையில் இருக்கும் பொருள்களின் பட்டியலை மூன்றாவது செயலுருபாகச் சேர்த்தனுப்பி, முன்பே கண்ட பொருள் மீண்டும் எதிர்ப்பட்டால் நிறுத்தி எச்சரிப்பதே இதற்கு வழி.

மற்றொரு தவறு மெதுவாகக் கொல்வது. ஒவ்வொரு படியிலும் தரவுத்தளத்தைத் தனித்தனியாகக் கேட்கும் தற்சுழற்சி, பத்து ரகங்களில் விரைவாகவும் பல்லாயிரம் லாட்டுகளில் ஆமை வேகத்திலும் ஓடும். தற்சுழற்சி வினவலை எஸ்கியூஎல் தரம் 1999-இலேயே ஏற்றுக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் 2009 முதலும் மைசீக்குவல் 2018-இல் வந்த 8.0 பதிப்பு முதலும் அதை ஆதரிக்கின்றன. முழு மரவுருவையும் ஒரே வினவலில் எடுத்து வந்து, பிறகு நினைவகத்தில் 'கூட்டு'வை ஓடவிடுவதே நல்ல நிரலரின் வழக்கம்.

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில் பள்ளியில் பைத்தான் படித்துவிட்டு வெளிவரும் மாணவர்களில் பலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பாடநூலின் தொடர்பெருக்கக் கணக்கோடு தற்சுழற்சியை மூடி வைத்துவிடாமல், வீட்டிலுள்ள கூலிச் சீட்டு ஒன்றை எடுத்து, அந்தத் துணியின் மரவுருவைத் தாளில் வரைந்து, மேலே காட்டிய ஐந்து வரிகளையும் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதி, எடைக்கணக்கையும் கூலிக்கணக்கையும் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்க வேண்டும். விடை சீட்டில் உள்ள தொகையோடு ஒத்துவராவிட்டால் நிரலைச் சரிபார்க்கட்டும்; நிரல் சரியென்று உறுதியானால் சீட்டையும் சரிபார்க்கட்டும்.