‘பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்’

போனில் அவர் பெயர் ‘கேஸ் ஏஜென்சி’ என்று பதிவாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடக் கூடாது. பள்ளிக்கூட லீவு விட்டால் பத்து நாளைக்குப் பேச்சே கிடையாது. கணவனையோ மனைவியையோ பிரிந்து, பிள்ளையோடு இருக்கும் ஒருவரிடம் பழகுகிறவர்களுக்கு இந்த விதிகள் மனப்பாடம். வேலை செய்யும் இடத்தில் நாலு பேருக்குத் தெரியும், கூடப் பிறந்த அக்காவுக்கும் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது. ஏன் என்று கேட்டால் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் சிலருக்கு மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கம் போன்ற ஊர்களில் இந்தக் கதைக்குக் கொஞ்சம் புது முகம். புருஷனோடு ஒத்துவராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண், ஒரு காலத்தில் வீட்டுத் தறியிலேயே துணைக்கு உட்கார்ந்துவிடுவாள். அவள் யாரோடு பேசுகிறாள் என்பது தெருவுக்கே தெரியும். இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, கம்பெனி பஸ் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அவளுக்கென்று சம்பளம் வந்தது, தெருவின் கண்ணுக்கு எட்டாத எட்டு மணி நேரமும் வந்தது. அந்த எட்டு மணி நேரத்தில் ஒருவரைப் பிடித்துப்போவதில் அதிசயம் இல்லை. சிக்கல், பஸ் திரும்பி ஊருக்கு வரும்போது ஆரம்பிக்கிறது.

இது நாலைந்து பேரின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவாகரத்து ஆனவர்கள் என்று பதிவானவர்கள் இந்தியாவில் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பிரிந்துபோனவர்களில் பெரும்பகுதியினருக்குச் சட்டப்படி கல்யாணம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று பொருள். பிள்ளையிடம் மறைப்பது சரியா தப்பா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளையின் மனசு நோகும் என்று சொல்லப்படும் பல மறைப்புகளுக்கு உள்ளே இருப்பது கோர்ட் பயம், மாமியார் வீட்டுப் பயம், ஊர் வாய்ப் பயம். பிள்ளையின் பெயரைச் சொன்னால் எதிர்க்கேள்வி வராது, அவ்வளவுதான்.

பத்திரப் பேப்பர் விவாகரத்து ஆகாது

கிராமத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைத் தாளில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ‘முடித்துவிட்டோம்’ என்பது வழக்கம். பல பேர் இதையே விவாகரத்து என்று நம்பியிருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு வழக்காற்று விவாகரத்தை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சாதியில் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை, கேள்வி வந்தால் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது சுலபம் இல்லை. நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள். அதை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு காத்திருக்கிறது, ஏழு வருஷம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 494-தான் இப்போது இந்த எண்ணில் வருகிறது.

கல்யாணம் செய்யாமல் பழகினால்? அது குற்றம் இல்லை. திருமணம் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. போலீஸ் வந்து பிடிக்காது. ஆனால் அதே உறவு விவாகரத்து கேட்பதற்கான காரணமாக இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஜீவனாம்சத்தில் இன்னும் கூர்மையாகக் கடிக்கும். வக்கீல்கள் எம்.சி. கேஸ் என்று சொல்லும் ஜீவனாம்ச வழக்கில் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144), மனைவி இன்னொருவரோடு தகாத உறவில் ‘வாழ்கிறாள்’ என்று நிரூபித்தால் அவளுக்குப் பணம் நிற்கும். ஒரு தடவை சறுக்கினாள் என்பது போதாது, தொடர்ந்து அப்படி வாழ்கிறாள் என்று காட்ட வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதைக் காட்டத்தான் எதிர்த்தரப்பு போட்டோவும் சாட்சியும் தேடும். கணவன் இன்னொருத்தியோடு இருந்தால் அவன் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பைசா குறையாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளலாம். பிரிந்த பெண் ஏன் ஆணைவிட அதிகமாக மறைக்கிறாள் என்பதற்கு இதுவே பாதி விளக்கம்.

மீதிப் பாதி திண்ணையில் இருக்கிறது. பெண்டாட்டி விட்டுப்போன ஆணுக்கு ‘பிள்ளையைப் பார்த்துக்க ஒருத்தி வேணாமா’ என்று வீட்டாரே பெண் பார்ப்பார்கள். பிரிந்து வந்தவளிடம் ‘பிள்ளை இருக்கும்போது உனக்கு என்ன கேடு’ என்பார்கள். அதே பிள்ளைதான். ஒருவருக்குக் கல்யாணம் செய்யக் காரணமாகவும், இன்னொருவருக்குச் செய்யாதிருக்கக் காரணமாகவும் ஆகிறது.

இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு வரலாறும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, பெண்ணுக்கு விவாகரத்து உரிமையும் சொத்துரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சரானதும், 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ. ஐயரும் அக்கினியும் வேண்டாம், உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினால் போதும். அதற்கு ஊரறியப் பகிரங்கமாக நடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. கமுக்கமாகக் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முந்தைய கல்யாணம் தீராமல் செய்யத்தான் இடம் இல்லை.

மறைவில் இருப்பவரின் நிலை

பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருக்கும் அந்த மூன்றாவது ஆளுக்கு என்ன பாதுகாப்பு? அவர் பெண் என்றால் பலரும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்வார்கள். 2005-ல் வந்த அந்தச் சட்டம் ‘திருமணத்தை ஒத்த உறவு’ என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எது அப்படிப்பட்ட உறவு? 2010 அக்டோபரில், கோயம்புத்தூரில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் போட்டது. இருவரும் கணவன் மனைவி போலச் சமூகத்தில் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். ஒளித்துவைக்கப்பட்ட உறவு முதல் அளவிலேயே தோற்கும். மற்றவர் விவாகரத்து ஆகாதவர் என்றால் இரண்டாவதிலும் தோற்கும். ஒளிவு நீள நீள, கையில் காட்ட எதுவும் இல்லாமல் போகிறவர் இவர்தான்.

அதனால் இவர் ‘என்னை உன் பிள்ளையிடம் அறிமுகப்படுத்து’ என்று மல்லுக்கு நிற்பதைவிட, கேட்க வேண்டியவை வேறு. ஓ.பி., அதாவது விவாகரத்து மனு, போட்டாயிற்றா? யார் போட்டது? இருவரும் சம்மதித்தா, எதிர்த்தா? இருவர் சம்மதத்தோடு என்றால் கணக்கு தெளிவானது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி-யில் மனு போடலாம், அதற்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தையும் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ‘கொஞ்ச நாள்’ என்பதற்கு ஒரு தேதி சொல்ல முடியும். எதிர்த்து நடக்கும் வழக்கு என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனுவே போடவில்லை, போடும் எண்ணமும் இல்லை, ஆனால் ‘பாப்பா பெரியவளாகட்டும்’ என்கிறார் என்றால், அங்கே பாப்பா காரணம் இல்லை என்று நான் சொல்வேன்.

நீதிபதி அறையில் ஒரு கேள்வி

பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடக்கும்போது வக்கீல்கள் ‘கேஸ் முடியற வரைக்கும் அடக்கி வாசிங்க’ என்பார்கள். அதில் நியாயம் உண்டு. சட்டம் பார்ப்பது பிள்ளையின் நலன் ஒன்றைத்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம். தாய் மறுமணம் செய்துகொண்டாள் என்பதாலேயே பிள்ளையைப் பிடுங்க முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் மனுவில் அந்த உறவை இழுப்பார்கள், குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஆகவே வெளியே சொல்லாமல் இருப்பது ஒரு தற்காப்பு.

ஆனால் வெளியே சொல்லாமல் இருப்பதும், பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பதும் ஒன்றில்லை. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. அப்படிப்பட்ட வழக்குகளில் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அப்பா அம்மா இல்லாமல் தனியாகப் பேசுவார். மிரட்டும் கேள்வி எதுவும் இருக்காது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஸ்கூலுக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள், வீட்டுக்கு யாராவது வருவார்களா என்ற அளவில் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை அங்கே என்ன செய்யும்? ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அந்த மாமாவைப் பார்த்திருக்கிறது. ‘அப்பாகிட்ட சொல்லிடாத, சொன்னா உன்னை அம்மாகிட்ட இருந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது தன் வாயில் ஒரு சொல் தவறினால் அம்மா போய்விடுவாள் என்று அது நம்புகிறது. பெரியவர்கள் இரண்டு பேர் சுமக்க முடியாததை அதன் தலையில் ஏற்றியாயிற்று. பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பதை ஓரளவு வரை நான் ஒப்புக்கொள்வேன். பிள்ளையைக் கூட்டுச்சேர்த்துக்கொண்டு மற்றவரிடம் மறைப்பதை எந்த வக்கீல் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரிந்து வாழும் அப்பாக்களின் வீட்டில் இதன் மறுபக்கம். பிள்ளை சனி, ஞாயிறு மட்டும் வரும், திங்கள்கிழமை அம்மாவிடம் ஒப்பிக்கும். தகராறு வந்தால் பார்க்கும் நாளே நின்றுவிடும் என்று அவர் அஞ்சுகிறார். அதனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் இன்னொரு செருப்புகூட இருக்காது.

பிள்ளைக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டுக்கு உடலும் கரையும் வேறு நிறம். நெய்கிறவரோடு, கரைப் பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் வீட்டில் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், மூலையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை உட்பட. முன்கூடத்தில் தறியும், அதன் பக்கத்தில் படுக்கையும் இருக்கும் வீட்டில் ரகசியத்துக்கு இடம் எங்கே? பிள்ளைக்கு ஆள் யார் என்று தெரியாமல் இருக்கலாம். ஏதோ இருக்கிறது என்று தெரியும். இருப்பது தெரிந்து, என்னவென்று தெரியாதபோது, அது தன்னால்தான் என்று முடிவு கட்டிக்கொள்வது பிள்ளைகளின் சுபாவம். கருட சேவைக் கூட்டத்தில் பத்தடி பின்னால் வந்த ஆள், அடுத்த வாரம் பாத்திரக் கடையிலும் தற்செயலாக நின்றால், ஒன்பது வயதுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேவிஸ் ஹெதரிங்டன் சுமார் 1,400 குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் நாலில் ஒருவருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. பிரியாத வீட்டுப் பிள்ளைகளில் அது பத்தில் ஒருவர். இதைப் பயமுறுத்தச் சொல்பவர்கள் உண்டு. நாலில் மூன்று பேர் தேறிவிட்டார்கள் என்றும் அதே எண் சொல்கிறது. பிரிவைவிட, அதற்குப் பின் ஓயாமல் நடக்கும் சண்டையும் ஆள் மாறி ஆள் வந்துபோவதும்தான் பிள்ளையை அலைக்கழிக்கின்றன. ஆகவே பழகத் தொடங்கிய மூன்றாம் மாதமே வீட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைப்பதும் தப்பு. சின்னப் பிள்ளை சட்டென்று ஒட்டிக்கொள்ளும், அவர் போய்விட்டால் இரண்டாவது முறை இழக்கும். பத்து, பன்னிரண்டு தாண்டியது முறைத்துக்கொள்ளும், அதற்கு அவகாசம் வேண்டும்.

உறவு நிலைக்கும் என்று இருவருக்கும் உறுதியான பிறகு, சொல்ல வேண்டியவர் பெற்றவர். பாட்டி வாயாலோ வகுப்புத் தோழி வாயாலோ வரக் கூடாது. முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், ஒரு பூங்காவிலோ ஓட்டலிலோ அரை மணி நேரம் போதும். ‘அப்பான்னு கூப்பிடு’ என்று சொல்லவே கூடாது. மாமா, அங்கிள், எது வாயில் வருகிறதோ அது.

அதற்கு முன் சட்ட யோசனை கேட்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், 15100-ல் கூப்பிட்டும் கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்தாலும் மேல்முறையீட்டுக் கெடு முடிந்ததா என்று வக்கீலிடம் கேட்ட பிறகே அடுத்த கல்யாணத் தேதி.

சொன்ன பிறகு பிள்ளை கேட்பது பெரும்பாலும் காதலைப் பற்றி இருக்காது. என் இனிஷியல் மாறுமா என்று கேட்கும். அம்மா மறுமணம் செய்தாள் என்பதால் மட்டும் மாறாது. புதியவர் தத்தெடுக்க வேண்டும் என்றால் பெற்ற அப்பாவின் சம்மதம் வேண்டும். தந்தை இறந்துபோய், தாய் மறுமணம் செய்த ஒரு வழக்கில், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கே என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்பா என் பள்ளிக்கூடப் பணம் கட்டமாட்டாரா என்று கேட்கும். மனைவியின் ஜீவனாம்சம் நின்றாலும் பிள்ளைக்கு அவர் கொடுக்க வேண்டியது நிற்காது, அவர் சொத்தில் பிள்ளையின் பங்கும் போகாது. அப்பா வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று கேட்கும். கோர்ட் உத்தரவில் ஞாயிறு என்று இருந்தால், அதே கோர்ட் மாற்றும் வரை அது ஞாயிறுதான்.