கணையம் சுரந்ததா, ஊசியில் வந்ததா?



இனிப்பு நீர் உள்ளவர்களின் உயிர் காக்கும் இன்சுலின், விளையாட்டு உலகில் தடை செய்யப்பட்ட மருந்து. தசையில் சர்க்கரைச் சத்தைச் சேர்க்கவும், தசைப் புரதம் சிதையாமல் தடுக்கவும் அதைத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கிற்குப் பின் சர்வதேச ஒலிம்பிக் குழு அதற்குத் தடை விதித்தது.

நம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் ஊக்கமருந்துப் பரிசோதனை மையம் உண்டு. இத்தகைய ஆய்வுக்கூடங்களுக்கு இன்சுலின் பெரிய சவால். அது நம் கணையமே சுரப்பது. இரத்தத்திலிருந்து விரைவாக மறைவது.

அப்படியானால் தடயம் எங்கே? மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. ‘லிஸ்ப்ரோ’ என்னும் செயற்கை இன்சுலினில் அவற்றுள் இரண்டு இடம் மாறியிருக்கும். ‘அஸ்பார்ட்’டில் ஒன்று மட்டும் வேறாக இருக்கும். நிறை நிறமாலைமானி என்ற கருவி மூலக்கூறை உடைத்து, துண்டுகளை எடைபோட்டு, அந்தச் சிறு மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியின் கொலோன் ஆய்வாளர்கள் இம்முறையில் முன்னோடிகள். மனித இன்சுலினை அப்படியே ஒத்த ஊசிமருந்தைப் பிரித்தறிவதுதான் மிகக் கடினம்.

நீரிழிவு உள்ள வீரர்கள் அஞ்ச வேண்டாம். உரிய மருத்துவச் சான்றுடன் சிறப்பு அனுமதி பெறலாம். இன்சுலின் எடுத்துக்கொண்டே 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார் பிரிட்டனின் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ்.

நோயில்லாதவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் இரத்தச் சர்க்கரை சரிந்து உயிரே போகலாம். இளம் வீரர்களே, பதக்கத்தைவிட உயிர் பெரிது!