தொப்பைக்கு வயது காரணமில்லை

கல்யாணமான இரண்டு மூன்று வருடங்களில் சட்டைப் பித்தான்கள் வயிற்றுப் பக்கம் இழுத்துப் பிடிக்கத் தொடங்கும். அப்போது பெரும்பாலான ஆண்கள் ஒரே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்: “முப்பதைத் தாண்டிட்டா அப்படித்தான், உடம்பு முன்ன மாதிரி எரிக்காது.” கேட்பவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

உடம்பு எரிப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2021-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் அன்றாட ஆற்றல் செலவு கணக்கிடப்பட்டது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை அதில் இருந்தார்கள். உடலின் அளவையும் தசையின் அளவையும் கழித்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது. முப்பதில் எந்தச் சரிவும் இல்லை. அப்படியென்றால் மாறியது வேறு ஏதோ: மாலை விளையாட்டு நின்றுபோனது, சைக்கிள் போய் பைக் வந்தது, இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போனது. இவையெல்லாம் நம் கையில் இருக்கும் விஷயங்கள் என்பதுதான் இந்த ஆய்வு தரும் பெரிய ஆறுதல்.

எடை மெஷினைவிட இஞ்ச் டேப்

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படங்களையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3தான். ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கும் அதிகமான கொழுப்பு.

தெற்காசியர்களின் உடல்வாகு இது. கை கால் ஒல்லியாகவே இருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும். அதனால்தான் நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறார்கள். பேன்ட் அளவை நம்பிவிடக் கூடாது. பலர் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். 34 அளவு பேன்ட் போடுபவரின் வயிறு 38 அங்குலம் இருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 28 சதவீதமாக இருந்தது. வயது ஏறியதால் வந்த உயர்வு என்று இதைச் சொல்ல முடியாது.

ஓட்டுநரும் நடத்துநரும்

லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ பணிநேரத்தில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே மாதிரியான வாழ்க்கைதான். ஆனாலும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பிறகு சீருடைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, எல்லா வயதிலும் ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததும் தெரிந்தது.

இன்றைய வேலைகளில் பெரும்பாலானவை ஓட்டுநர் இருக்கைதான். கணினி முன் இருப்பவரும் கடைக் கல்லாவில் இருப்பவரும் காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க உட்கார்ந்தால் போதாது. மாடிப்படி, போனில் பேசும்போது நடை, சாப்பிட்டதும் பத்து நிமிட உலாவல் என்று பொழுதெல்லாம் அசைவைப் பரப்ப வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் நடப்பதால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவது குறைகிறது.

தண்டாலும் பஸ்கியும்

நடை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது தசையை. முப்பதுக்குப் பிறகு, பயிற்சியே இல்லாதவர்களுக்குப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். அது சுருங்கினால் சர்க்கரை போகும் இடம் சுருங்குகிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர்கள் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் இழக்கிறார்கள். எடை மெஷின் இதைப் பிரித்துச் சொல்லாது.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்மில் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களில் எடுத்த தண்டாலும் பஸ்கியும் தசையைக் காக்கப் போதுமானவை. முதலில் சுவரில் கையூன்றித் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி. அது எளிதானதும் மேசை விளிம்பு, பிறகு தரை.

தட்டில் கூடுவதும் குறைவதும்

இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்த ஆய்வு 2025-ல் காட்டியது. புரதம் 12 சதவீதம்தான். சோற்றை அடியோடு நிறுத்துபவர்கள் ஒரு மாதத்தில் திரும்பிவிடுகிறார்கள். பரிமாறும் வரிசையை மாற்றுவதுதான் நிலைக்கும்: முதலில் காய், சுண்டல், முட்டை அல்லது மீன், கடைசியில் அளவான சோறு. 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குக் குறைந்தது 58 கிராம் புரதம் தேவை. ஒரு இட்லியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம்.

கண்ணில் படாத கலோரியும் உண்டு. ஒரு குவார்ட்டர் மதுவில் மட்டும் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது, சைடு டிஷ் தனி. நாலு டீயில் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி.

தூக்கத்தை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 2010-ல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்றில், ஒரே அளவு குறைந்த உணவை உண்டவர்கள் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தார்கள். இரண்டிலும் சுமார் 3 கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் உணவை மட்டும் குறைத்துவிட்டு ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கைப்பேசி செய்த காவல்

சென்னையின் நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 35 முதல் 55 வயது வரையிலான உழைக்கும் ஆண்கள் 537 பேரை இரண்டாண்டு கவனித்தது. பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. 2013-ல் வந்த முடிவில், செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. நினைவூட்டல் மட்டுமே இவ்வளவு செய்கிறது. வீட்டில் மனைவியோ நண்பரோ தினமும் கேட்டாலும் அதே பலன் கிடைக்க வாய்ப்புண்டு.

தொடங்குவதற்கு முன்

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலும், படியேறும்போது நெஞ்சு இறுகினாலும் மருத்துவரைக் கேட்காமல் ஓடவோ பளு தூக்கவோ கூடாது. ஆறு வாரத்தில் உடம்பை ஏற்றித் தருவதாகச் சொல்லி ஊசி, மாத்திரை நீட்டுபவர்களிடம் கவனம் தேவை. அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் விந்தணு உற்பத்தி குறையும். குழந்தைக்குத் திட்டமிடும் வயதில் அது பெரிய இழப்பு.

வாரத்துக்கு அரை கிலோ குறைவது நல்ல வேகம். முதல் மாதம் எடை மெஷினின் முள் அசையாமல் இடுப்பு மட்டும் குறையலாம். தசை கூடிக் கொழுப்பு குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உணவிலோ உழைப்பிலோ எந்த மாற்றமும் செய்யாதபோதே எடை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாமல், சர்க்கரை, தைராய்டு, காசநோய் ஆகியவற்றுக்கு உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.