இரைச்சல் தேசம் – 9: எழுதப் பிடிக்காத எழுத்தாளர்

சென்ற வாரம் பார்த்த மெர்ஸ்பாவ், இரைச்சலைத் தவம் போலச் செய்பவர். இந்த வாரத்து ஆள் அதையே கேலியாகச் செய்தவர். பெயர் நகஹாரா மசாயா.

1970-இல் டோக்கியோவில் பிறந்தார். பதின்ம வயது முடிவதற்குள் ரெக்கார்டரும் சாம்ப்ளருமாக உட்கார்ந்து ஒலிகளை வெட்டி ஒட்ட ஆரம்பித்துவிட்டார். 1990 வாக்கில் அந்த முயற்சிக்கு அவர் வைத்த பெயர் 'வயலன்ட் ஆன்சென் கெய்ஷா'. வெந்நீர் ஊற்று விடுதியில் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷா, ஆனால் அடிதடிக்காரி! பழைய பாட்டில் ஒரு துண்டு, யாரோ பேசும் பேச்சு, நடுவே காதைக் கிழிக்கும் ஓசை. எங்கே சிரிப்பது, எங்கே காதைப் பொத்துவது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. 1997-இல் பெயரை 'ஹேர் ஸ்டைலிஸ்டிக்ஸ்' என்று மாற்றிக்கொண்டார். 2008-இல் அந்தப் பெயரில் மாதம் ஓர் ஆல்பம் என்று வெளியிடத் தொடங்கினார். எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

எழுத்துக்கு வந்தது தனிக் கூத்து. எழுதுவது பிடிக்காது, காசுக்காகத்தான் எழுதுகிறேன் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டே எழுதினார். 1998-இல் முதல் கதைத் தொகுப்பு. 2001-இல் ஒரு நாவலுக்கு மிஷிமா யூகியோ விருது; 2006-இல் நோமா புதுமுக எழுத்தாளர் விருது. சாம்ப்ளரில் செய்ததைத்தான் தாளிலும் செய்தார். தேய்ந்துபோன வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார். காரணமே இல்லாமல் வன்முறை வெடிக்கும். கதை பாதியில் நின்றுவிடும். கையில் காசில்லை என்று புலம்பியபடியே சிடிகளும் டிவிடிகளும் வாங்கிக் குவித்த நாட்குறிப்புக்கும் ஒரு விருது கிடைத்தது. என் கணக்கில் அவருடைய புத்தகங்களில் சுவையானது அதுதான்.

அந்த 2001 மிஷிமா விருதைப் பகிர்ந்துகொண்டவர் ஷிஞ்சி அவோயாமா, 'யுரேகா' படத்தின் இயக்குநர். தன் படத்தையே நாவலாக்கி அவர் விருது வாங்கியிருந்தார். நான்கு ஆண்டு கழித்து அவர் எடுத்த படத்தின் பெயர், சிலுவையில் இயேசு எழுப்பிய குரல்: 'ஏலி, ஏலி, லாமா சபக்தானி'. ஆளைத் தற்கொலைக்குத் தள்ளும் நோய் 2015-இல் உலகெங்கும் பரவுகிறது. அதை அடக்கக்கூடியது இரண்டு இசைக்கலைஞர்களின் இரைச்சல் ஒன்றுதான். ஒருவராக தடனோபு அசானோ, இன்னொருவராக நகஹாரா. 2005 கான் விழாவில் படம் திரையிடப்பட்டது. நகஹாரா அதில் பெரிதாக நடிக்கவில்லை. தொழில்முறை நடிகரின் பக்கத்தில் ஒலி தேடும் மனிதராக இருக்கிறார், அவ்வளவுதான். அந்த வேடத்துக்கு அதற்குமேல் தேவையுமில்லை.

அவோயாமா 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு நகஹாரா மருத்துவமனையில் விழுந்தார்: நீரிழிவின் சிக்கல்கள், மூளையில் ரத்த அடைப்பு. பார்வை பெருமளவு போயிற்று. ஆனாலும் 2024-இல் அவர் பெயரில் புதிய புத்தகம் வந்தது. மகத்தான எழுத்து வாழ்க்கைக்கு மருத்துவமனை வாழ்க்கை தேவை என்பது அதன் தலைப்பு.

ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் படத்திலிருந்து தொடங்கலாம். பரந்த புல்வெளியில் ராட்சத ஸ்பீக்கர்களை நிறுத்தி, நோயுற்ற பெண்ணுக்காக அசானோ கிதார் வாசிக்கும் காட்சி வரும். அதை மட்டுமாவது மொபைலில் பார்க்காதீர்கள்.